ஓட்ஸ் பாலும் ஒரு கூடைக் கத்தரிக்காயும்

தவக்காலம் தொடங்குவதற்கு ஒரு வாரம் இருக்கையில் மருத்துவர் ஒருவர் எனக்கு ஓர் ஒறுத்தலை விதித்தார். நானாகத் தேர்ந்துகொண்டதாயிருந்தால், சாம்பல் புதன் கழிந்த மூன்றாம் நாளே அதற்கு ஒரு விலக்கைத் தேடிக் கண்டுபிடித்திருப்பேன். மருத்துவர் விதித்ததாகையால் தப்ப வழியில்லாமற் போயிற்று.

பல மாதங்களாகவே என் வயிறு என்னோடு ஒத்துழைக்க மறுத்துவந்தது. காலைத் திருப்பலி முடிந்து குருமனைக்குத் திரும்பியதும் ஒரு பெரிய குவளை நிறையப் பால் காப்பி அருந்துவது குருமடத்து நாட்களிலிருந்து வந்த பழக்கம். அருந்திய ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பும், இரையும், திருமணப் பதிவுக்கு வந்தவர்கள் முன்னிலையிற்கூட நாணமின்றி ஒலியெழுப்பும். "சாமி, உங்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் அடியோடு நிறுத்திப் பாருங்கள். மோர் மட்டும் சிறிது சேர்த்துக்கொள்ளலாம்" என்றார் மருத்துவர். பாலில் லாக்டோஸ் என்னும் ஒருவகைச் சர்க்கரை உண்டு. அதைச் செரிக்கச் செய்யும் நொதி, குழந்தைப் பருவம் கடந்தபின் உலக மக்களுள் பெரும்பாலோர்க்குக் குறைந்துவிடுகிறது. பால் தயிராகும்போது அச்சர்க்கரையில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் உட்கொண்டுவிடுவதால் பலருக்கு மோர் தொல்லை தருவதில்லை. இவ்வாறு அவர் விளக்கினார். வயிற்றின் பொருட்டுச் சிறிது திராட்சை இரசம் அருந்துமாறு திமொத்தேயுவுக்கு எழுதிய பவுலடிகளார் இந்த மருத்துவரைவிட எவ்வளவோ தாராளமானவர் என்று உபதேசியாரிடம் குறைபட்டுக்கொண்டேன்.

செய்தி பங்கெங்கும் பரவ ஒரு நாள் போதுமானதாயிருந்தது. பெங்களூரில் மகனை வைத்திருக்கும் ஒரு தாய், அங்கிருந்து வரவழைத்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஓட்ஸ் தானியத்திலிருந்து எடுத்த பானமாம். சுவையில் குறையில்லை. ஆனால், லிட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ முந்நூறு ரூபாய் என்று அறிந்தபோது அந்தக் காப்பி தொண்டையிலேயே நின்றது. பங்கு மக்களின் காணிக்கையில் வாழ்கிறவன் தன் காப்பிக்கென்று அவ்வளவு செலவிடலாமோ? வீட்டிலேயே செய்து பார்ப்பதென்று முடிவாயிற்று.

குருமனையில் சமைக்கும் அம்மா அறுபதைக் கடந்தவர். அவரிடம் ஒரு பொட்டலம் ஓட்ஸைக் கொடுத்துச் செய்முறையைச் சொன்னேன். ஆவியில் வேகவைத்துத் தட்டையாக்கிய அந்தத் தானியத்தைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "இது சீமை அவல்தானே சாமி? ஆறு பிள்ளைக்குக் கேப்பைப் பால் எடுத்துக் கொடுத்தவ நான். இதுல என்ன இருக்கு?" என்றார். தம் அனுபவப்படியே நன்றாக ஊறவைத்தார், மைபோல அரைத்தார், தேங்காய்ப்பால் பிழிவதுபோலத் துணியை முறுக்கிப் பிழிந்தார். கிடைத்தது பாலன்று, வெண்டைக்காய்க் கொழகொழப்பும் பசையும் ஒன்றுசேர்ந்த ஒரு பொருள். அதைச் சூடான காப்பி வடிநீரில் ஊற்றியபோது குவளைக்குள் கஞ்சி தயாராயிற்று. "சாமி, இதைக் குடிக்கிறதா, நோட்டீஸ் ஒட்டுறதா?" என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

மூன்று நாட்கள் தோற்றபின் காரணம் விளங்கிற்று. ஓட்ஸில் மாவுச்சத்து மிகுதி. அதனோடு பீட்டா குளுக்கன் என்னும் கரையக்கூடிய நார்ச்சத்தும் உண்டு. உடம்புக்கு நல்லதெனப்படும் அந்த நார்ச்சத்துதான் நீரில் கரைந்து வழுவழுப்பைத் தருகிறது. மிகுதியாக அரைத்தாலும், முறுக்கிப் பிழிந்தாலும் இவையிரண்டும் அளவுக்கு மேல் வெளிவந்துவிடும். சூடு பட்டதும் மாவுச்சத்து வீங்கிக் கஞ்சியாகும். கேழ்வரகுப் பாலைக் காய்ச்சிக் கூழாக்குவதற்கு எது துணையோ, அதுவே இங்கே இடையூறு. சுவீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ரிக்கார்டு ஓஸ்டே என்னும் அறிஞர் 1990-களின் தொடக்கத்தில் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு கண்டார். மாவுச்சத்தைச் சிதைத்து மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றும் நொதிகளை அவர் பயன்படுத்தினார். கடைப்பெட்டியிலுள்ள பானம் கொதித்தாலும் கஞ்சியாகாததும், சர்க்கரை சேர்க்கப்படவில்லை என்று எழுதியிருந்தும் இனிப்பதும் அதனாலேயே.

நம் அடுக்களையில் அந்த நொதி கிடையாது. ஆகவே பொறுமைதான் துணை. ஒரு குவளை ஓட்ஸுக்கு நான்கு குவளை தண்ணீர். அதுவும் குளிர்ந்த தண்ணீர். ஊறவைக்க வேண்டா. ஒரு சிட்டிகை உப்பு, விரும்பினால் ஒரு பேரீச்சம்பழம். மிக்சியில் அரை நிமிடத்திற்கு மேல் ஓட்டலாகாது. பழைய மல் வேட்டித் துணியில் ஊற்றித் தானாக வடியவிட வேண்டும், முறுக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் வைத்திருக்கலாம். அடியில் தங்குவதைக் குலுக்கிக் கலந்துகொள்ள வேண்டும். கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டோடு நிறுத்தினால் காப்பிக்கு ஒருவாறு பொருந்துகிறது. வடிகட்டிய சக்கையை அம்மா மறுநாள் தோசைமாவில் சேர்த்துவிடுகிறார்.

இதைப் பால் என்று சொல்லலாமா? தாவரப் பானங்களைப் பால் என்னும் பெயரில் விற்கலாகாதென நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2021-இல் வலியுறுத்தியது. தமிழோ இவ்விஷயத்தில் தாராளமானது. தேங்காய்க்குப் பால் உண்டு. எருக்குக்கும் ஆலுக்கும் பால் உண்டு. நெற்கதிர் பால் பிடிக்கிறது என்கிறோம். ஆயினும் பெயரைக் கொண்டு ஏமாந்துவிடக் கூடாது. பங்கிலுள்ள இளந்தாய் ஒருவர், "சாமி குடிக்கிறதையே பாப்பாவுக்கும் கொடுக்கலாமா?" என்று கேட்டபோது திடுக்கிட்டேன். வீட்டில் எடுத்த ஓட்ஸ் பாலில் பசும்பாலுக்கு ஈடான கால்சியமோ, புரதமோ, பி12 வைட்டமினோ இல்லை. பச்சிளங் குழந்தைக்கு அது தாய்ப்பாலுக்கோ மருத்துவர் சொல்லும் பாலுக்கோ மாற்றாகவே ஆகாது. எனக்கேகூடக் கால்சியத்துக்கு அம்மாவின் கேழ்வரகுதான் கைகொடுக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. சீமை அவலைத் தேடிப் போன எனக்கு, அடுக்களைப் பானையிலிருந்த கேப்பையின் அருமை அதனால்தான் தெரிந்தது.

நிற்க. பால் எடுக்கும் வித்தை கைவந்தபின் வேறொரு சிக்கல் எழுந்தது. நகரத்துக் கடையில் இரண்டு வகை ஓட்ஸ் பொட்டலங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று சாதாரணம். மற்றொன்றில் 'ஆர்கானிக்' என்று அச்சிட்டிருந்தது; விலை ஏறத்தாழ இரு மடங்கு. நம் நாட்டில் ஓட்ஸ் பெரும்பாலும் வடமாநிலங்களில் கால்நடைத் தீவனமாக விளைவது. மனிதர் உண்ணும் ஓட்ஸில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. கடல் கடந்து வந்த ஒரு தானியம் எந்த வயலில், எவர் கையால், எப்படி விளைந்ததென்பதை ஓர் இலைப்படத்தை மட்டும் பார்த்து நான் எப்படி நம்புவது? பொட்டலத்தை கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.

அந்த முத்திரைகள் வெறும் அலங்காரம் அல்ல என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். நம் நாட்டில் தேசிய இயற்கை விளைபொருள் திட்டம் 2001 முதல் உள்ளது. அதன்படி, வயலுக்குத் தொடர்பில்லாத ஒரு சான்றளிப்பு நிறுவனம் ஆய்வு செய்து சான்று தரும். இரசாயனத்தை இன்று நிறுத்திவிட்டு நாளை முத்திரை பெற முடியாது. மண் மாறுவதற்கு ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும். கோயம்புத்தூரில் நம் மாநில அரசே ஒரு சான்றளிப்புத் துறையை நடத்துகிறது. இது ஒரு வழி. மற்றொன்று பங்கேற்பு உத்தரவாத முறை. அக்கம்பக்கத்து உழவர் ஐவரேனும் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் பார்த்து, ஒருவருக்கொருவர் சாட்சியாய் நிற்பது அது. 2017-இல் வந்த விதிகளின்படி, இயற்கை உணவென்று விற்பவர் இவ்விரு வழிகளுள் ஒன்றின் சான்றைக் கொண்டிருக்க வேண்டும். தாம் விளைத்ததைத் தாமே நேராக உண்பவர் கையில் விற்கும் சிறு உழவருக்கு மட்டும் விலக்குண்டு.

இன்னொன்றும் விளங்கிற்று. இந்த முத்திரை பொருள் விளைந்த வழியைப் பற்றிச் சொல்வது. இதில் சத்து மிகுதி என்றோ, ஒரு துளி நஞ்சும் இல்லை என்றோ அது உறுதி கூறவில்லை. பக்கத்து வயலிலிருந்து காற்று மருந்தைக் கொண்டுவரக்கூடும். ஆகவே முத்திரை உள்ளதையும் கழுவித்தான் உண்ண வேண்டும். முத்திரை இல்லாததை நஞ்சென்று இகழவும் கூடாது. அந்த இகழ்ச்சி, அதை மட்டுமே வாங்க வசதியுள்ள ஏழையின் உலையை இகழ்வதாகும்.

இதுவரை எழுதியவை எளிது. இனி எழுதப்போவது என் குற்றம்.

எங்கள் பங்கில் ஓர் இளம் உழவர் இருக்கிறார். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் (1938–2013) பேசக் கேட்டு, அந்த வழியில் இறங்கியவர். கிணற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர். ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் கோவில் வளாகத்து வேப்பமரத்தடியில் காய்கறிக் கூடைகளை வைத்து விற்பார். விலை சந்தையைவிடச் சற்றுக் கூடுதல்தான். பொங்கல் திருப்பலியில் நான் அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டி, "நஞ்சில்லா உணவு வேண்டுமா? மரத்தடிக்குச் செல்லுங்கள்" என்று பிரசங்க மேடையிலிருந்தே சொன்னேன். அன்று முதல் கூடைகள் அரை மணியில் காலியாயின. ஆனால், அவருடைய வயலில் ஒருநாளும் நான் கால் வைத்ததில்லை. எந்தச் சான்றும் பெறாத பொருளுக்கு என் வாயையே முத்திரையாக்கிக் கொடுத்திருந்தேன்.

தவக்காலத்தின் நடுவில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பூச்சிமருந்துக் கடையிலிருந்து அவர் புட்டியோடு வெளியே வந்ததைக் கண்டதாக ஒருவர் சொன்னார். பங்குப் பேரவையில் பேச்சு சூடாயிற்று. "மரத்தடிக் கடையை எடுத்துவிடுங்கள்" என்றனர் சிலர். "சாமியே நம்பிச் சொன்னாரே, அது பொய்யாக இருக்குமா?" என்றனர் வேறு சிலர். முன்னதைவிடப் பின்னதே என்னைச் சுட்டது. கடைப்பொட்டலத்தின் இலைப்படத்தை ஐயுற்று அரைமணி நின்ற நான், என் சொல்லை அரை நிமிடமும் ஐயுறவில்லையே!

செவ்வாய் மாலை மோட்டார் சைக்கிளில் அவர் வயலுக்குச் சென்றேன். கணவனும் மனைவியும் வெண்டை பறித்துக்கொண்டிருந்தனர். வரப்பில் துண்டை விரித்து உட்காரச் சொன்னார். நான் கேட்குமுன் அவரே தொடங்கினார்.

"அடிச்சேன் சாமி. கத்தரிக்கு மட்டும், ஒரே ஒரு தடவை."

தண்டிலும் காயிலும் துளைக்கும் புழு பாதி விளைச்சலை அழித்துவிட்டதாம். வேப்பங்கொட்டைச் சாறு தெளித்தாராம். இனக்கவர்ச்சிப் பொறி வைத்தாராம். நுனி வாடிய தண்டுகளைக் கிள்ளி எரித்தாராம். கூட்டுறவுச் சங்கத்துக் கடன் தவணை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் மனம் உடைந்து மருந்துக் கடைக்குப் போய்விட்டார். "புட்டியில போட்டிருந்த நாள் கணக்கு முடிஞ்சுதான் பறிச்சேன் சாமி. யாருக்கும் கெடுதல் வராது. ஆனா..." என்று நிறுத்தினார்.

"ஆனால் இயற்கைக் காய் என்று சொல்லி விற்றீர்கள், இல்லையா தம்பி?"

"ரெண்டு ஞாயிறு."

அவர் மனைவி தலைகுனிந்து, "நாங்க சொல்லிடலாம்னுதான் இருந்தோம். நீங்க மேடையில அப்படிச் சொன்ன பிறகு எப்படிச் சாமி வாய் வரும்?" என்றார்.

அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது. அவர் தடுமாறினார், ஆனால் எழுந்து நிற்க முடியாதபடி அவர்மேல் பாரத்தை ஏற்றியவன் நான். ஒரு மனிதனைப் பிழையற்றவன் என்று ஊரறியச் சொல்லிவிட்டால், பிழை நேரும்போது அவன் அதை மறைக்காமல் என் செய்வான்?

ஒன்றை இங்கே தெளிவாக்க வேண்டும். இது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதன்று. அப்படியாயின் இது என் உயிரோடே போகும். வரப்பில் இருவர் பேசியது. அவர்கள் இருவரின் முழு இசைவோடு எழுதுகிறேன்.

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு நா எழவில்லை. "நான் அறிவிக்க மாட்டேன். நீங்களே சொன்னால்தான் அழகு. ஆனால் என் பங்கை நான் முதலில் சொல்லிவிடுகிறேன்" என்றேன். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தின் முடிவில், பார்க்காததைப் பார்த்ததுபோல உறுதி கூறியது என் தவறு என்று மக்களிடம் மன்னிப்புக் கேட்டேன். வேறொன்றும் சொல்லவில்லை. திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் இரண்டு வரிசைக் கூடைகள் இருந்தன. ஒன்றின்மேல் பிள்ளையின் சிலேட்டுப் பலகை. அதில், 'கத்தரி: ஒரு தடவை மருந்து அடித்தது. சந்தை விலை' என்று சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது. முந்திய இரு வாரம் கத்தரி வாங்கியவர்களுக்குக் கூடுதலாக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க நின்றார் அவர். கை நடுங்கியதைப் பார்த்தேன்.

சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சென்றனர். அவர்களுள் இருவர் இன்றுவரை வரவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மட்டும் நேரே சென்று, சிலேட்டு இருந்த கூடையிலிருந்து ஒரு கிலோ எடுத்தார். "தம்பி, இனிமே நீ எது சொன்னாலும் நம்புவேன்" என்றார். திருப்பிக் கொடுத்த பணத்தையும் மறுக்காமல் எண்ணி வாங்கிக்கொண்டார். அந்த எண்ணி வாங்குதலில் அவருக்கு அளித்த மதிப்பு இருந்தது. பிச்சை போல விட்டுச் செல்லாமல், நேர்மையான வணிகனிடம் கணக்கு முடிப்பதுபோல முடித்தார்.

அன்று மாலை திருப்பண்ட அறையில் அப்பப் பெட்டியை எடுத்தபோது ஒரு நினைவு வந்தது. நற்கருணைக்குரிய அப்பம் கோதுமையால் மட்டுமே ஆகியிருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். எத்தனை நல்ல தானியமாயினும் ஓட்ஸுக்கு அங்கே இடமில்லை. முன்பெல்லாம் துறவற இல்லங்களே அப்பமும் இரசமும் செய்தளித்தன. இக்காலத்தில் அவை கடைகளில்கூட விற்கப்படுகின்றன. ஆகவே அவற்றின் தூய்மையை உறுதிசெய்யும் பொறுப்பை ஆயர்களுக்கு நினைவூட்டி, 2017-இல் உரோமையின் வழிபாட்டுப் பேராயம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சான்றிதழ் முறையையும் அது குறிப்பிடுகிறது. நான் குருவான நாளிலிருந்து கன்னியர் மடத்துச் சகோதரிகள் தரும் அப்பத்தை ஒருமுறையும் ஐயுற்றதில்லை. காரணம் சான்றிதழன்று, மாவு பிசையும் கைகளை நான் அறிவேன். எனினும் கைகளை அறியமுடியாத தொலைவில் இருப்பவர்க்குச் சான்றிதழ் தேவை என்பதைத் திருச்சபையே ஏற்கிறது. அறிமுகம் உள்ள இடத்தில் சாட்சி. அறிமுகம் இல்லாத இடத்தில் சான்று. இரண்டும் பொய்யாகக்கூடும், இரண்டுக்கும் விழிப்பு வேண்டும்.

அன்பு வாசகர்களே, பதரைக் கோதுமையென்று விற்றவர்களை ஆமோஸ் இறைவாக்கினர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை நாம் அறிவோம். விற்பவருக்கு அந்த எச்சரிக்கை. வாங்குகிறவருக்கும் ஒரு கடமை உண்டு. பொருள் வாங்குவதிலும் அறம் உண்டென்று திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2009-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் நினைவூட்டினார். இயற்கை உணவு வாங்க வசதியுள்ள குடும்பத்தார் முத்திரையைப் பாருங்கள். முத்திரையில்லாத சிறு உழவரிடம் வாங்கினால் ஒருமுறையேனும் பிள்ளைகளோடு அவர் வயலுக்குச் செல்லுங்கள். புழு அரித்த ஆண்டில் அவர் என்ன செய்வார் என்று கேளுங்கள். கூடவே, அந்த ஆண்டில் நாம் என்ன செய்வோம் என்றும் நம்மையே கேட்டுக்கொள்வோம். விளைந்தால் வாங்குவோம், விளையாவிட்டால் போவோம் என்றிருந்தால், மருந்துப் புட்டியை அவர் கையில் கொடுப்பதில் நமக்கும் பங்குண்டு.

இப்போது அவரோடு அயலார் மூவர் சேர்ந்துள்ளனர். ஐந்தாமவர் கிடைத்தால் குழுவாகப் பதிவு செய்யலாம் என்கிறார்கள். முகம் திருப்பிக்கொண்ட அந்த இருவருள் ஒருவருக்கும் பக்கத்திலேயே நிலம் இருக்கிறது. அவரிடம் பேசிப் பார்க்கும் வேலையை என்னிடம் விட்டிருக்கிறார்கள், செபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்ஸ் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். சாதாரணப் பொட்டலத்தையே வாங்குகிறேன். வாரத்தில் மூன்று நாள் அதுவும், மற்ற நாட்களில் அம்மாவின் கேப்பைக் கூழும். வயிறு அமைதியாக இருக்கிறது. நேற்றும் துணியை முறுக்கப் போன அம்மாவைத் தடுத்தேன். "தானா வடியட்டும்னா எப்பச் சாமி வடியும்?" என்றார். காத்திருந்தோம், வடிந்தது.